ஏழு வாரப் பயணமும் பதினெட்டு ஆண்டுத் தவமும்

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் புளியோதரைப் பொட்டலமும் பேருந்தின் சன்னலோர இருக்கையுந்தான் நினைவுக்கு வரும். போய் வந்த மறுவாரம் கட்டுரை நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் அத்தோடு அந்தச் சுற்றுலா முடிந்தது. ஆனால் போய் வந்த சுற்றுலா முடியாமலே உயிர் உள்ளளவும் ஒருவரைத் தொடர்ந்து வந்த கதையும் உண்டு. ஆப்பிரிக்காவின் மழைக்காட்டிலே மலைக் கொரில்லாக்களோடு வாழ்ந்து, அவற்றின் நடுவிலேயே அடக்கமாகிவிட்ட டயன் ஃபாஸி அம்மையாரின் கதை அது.

அவரைப் பற்றி எழுதலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது எல்லோரும் ஒரே மனமாயிருந்தோம். எழுதி முடிக்கையில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தோம். காரணத்தை உரிய இடத்தில் சொல்லுகிறோம்.

டயன் ஃபாஸி 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். ஆறு வயதாயிருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை வசதியானவர், கண்டிப்பானவர். பத்து வயதுவரை சிறுமி டயன் பெரியவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண இடமில்லை. சமையற்கட்டில் பணிப்பெண்ணோடுதான் சாப்பாடு. வீட்டில் வளர்க்க அனுமதி கிடைத்த ஒரே உயிர் ஒரு தங்கமீன். அது செத்தபோது குழந்தை ஒரு வாரம் அழுததாம். பிற்காலத்தில் பத்தாயிரம் அடி உயர மலையில், தகரக் குடிலில், நாயும் குரங்கும் கோழிகளும் சூழ அவர் வாழ்ந்ததைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைத் தங்கமீன் எங்கள் நினைவுக்கு வந்தது.

கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்கான படிப்பிலும் சேர்ந்தார். ஆனால் இயற்பியலும் வேதியியலும் அவரைக் காலை வாரிவிட்டன. (இந்த இடத்தில் எங்களில் சிலருக்கு அம்மையார் மீது தனிப் பாசம் பிறந்ததை மறைப்பானேன்?) எனவே வேறு படிப்புக்கு மாறினார். கைவேலை, விளையாட்டு, அன்றாடப் பழக்கங்கள் ஆகியவற்றின் வழியே நோயாளிகளை இயல்பு வாழ்வுக்குத் திருப்பும் மருத்துவப் பயிற்சி அது. 1954-இல் சான் ஹோஸே கல்லூரியில் பட்டம் பெற்று, கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தில் உடல் ஊனமுற்ற குழந்தைகளின் மருத்துவமனை ஒன்றில் பணியேற்றார். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் சூம்பிய பிள்ளைகளுக்கும், பிறரிடம் முகங்கொடுத்துப் பேசாத பிள்ளைகளுக்கும் ஏறக்குறையப் பத்தாண்டு அவர் பணி செய்தார். கொரில்லாக்களிடம் பின்னாளில் காட்டிய பொறுமைக்கு இங்கேதான் பயிற்சி கிடைத்தது என்று அவரது வரலாற்றை எழுதியோர் கருதுவர்.

கென்டக்கியில் வாழ்ந்த அந்நாட்களில்தான், கெத்செமனி மடத்துத் திராப்பிஸ்ட் துறவியரின் தொடர்பால் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இதைக் கொண்டு அவரைப் புண்ணியவதிகளின் வரிசையில் நிறுத்த நாங்கள் முயலவில்லை. முயன்றாலும் அவருடைய வாழ்க்கையே அதற்கு இடந்தராது.

ஆப்பிரிக்காவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் நாளடைவில் அவரைப் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த சேமிப்பு போதவில்லை. வங்கியில் 8,000 டாலர் கடன் வாங்கினார். ஒரு மருத்துவமனை ஊழியருக்கு அது எத்தகைய சுமை என்பதை நம் பெற்றோர் அறிவர். 1963-ஆம் ஆண்டு, தம் 31-ஆம் வயதில், ஏழு வாரப் பயணமாகப் புறப்பட்டார். வழிகாட்டி ஒருவரையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். கென்யா, டான்சானியா, காங்கோ என்று வண்டி சென்ற வழியெல்லாம் யானையும் சிங்கமும் பார்த்து வந்தார். அதுவரை அது எல்லோரும் செல்லும் சுற்றுலாதான்.

டான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் தொல்மனிதரின் எலும்புகளைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார் லூயி லீக்கி என்னும் பேரறிஞர். அவரைக் காணச் சென்ற இடத்தில் டயன் சறுக்கி விழுந்தார். விழுந்த இடமோ, அப்போதுதான் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த பழங்கால ஒட்டகச்சிவிங்கியின் எலும்பு கிடந்த குழி! கணுக்கால் சுளுக்கி, வலி தாளாமல் அந்த விலைமதிப்பற்ற எலும்பின் மீதே வாந்தியும் எடுத்துவிட்டார். ஒருவர் தம் பிற்கால ஆசானை இதைவிட மோசமான முறையில் சந்தித்திருக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்து, வீங்கிய கணுக்காலோடு, ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு, காங்கோ நாட்டு மிக்கேனோ மலையில் ஏறினார். இங்கே அந்த மலைகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். காங்கோ, ருவாண்டா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் எல்லையில் விருங்கா என்னும் எரிமலைத் தொடர் உள்ளது. அடிவாரத்தில் உழுநிலம், அதற்கு மேலே மூங்கிற்காடு, அதற்கும் மேலே பாசி தொங்கும் ஹாகீனியா மரங்களும், ஆளுயரக் காஞ்சொறியும், காட்டுச் செலரியும் மண்டிய மழைக்காடு. ஆண்டு முழுவதும் மூடுபனியும் மழையுந்தான். உலகத்து மலைக் கொரில்லாக்கள் வாழ்வது இந்தத் தொடரிலும், உகாண்டாவின் புவிண்டிக் காட்டிலும் மட்டுமே. 1921-இல் கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர் அருங்காட்சியகத்திற்காக இங்கே கொரில்லாக்களைச் சுட்டார். சுட்டபின் மனம் வருந்தி, அவற்றைக் காக்குமாறு பெல்ஜிய மன்னரிடம் மன்றாடினார். அதன் பயனாக 1925-இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா இங்கே உருவாயிற்று. அடுத்த ஆண்டே ஏக்லி நோயுற்று இறந்தார். மிக்கேனோ மலையின் கபாரா என்ற புல்வெளியில் அவரது கல்லறை இருக்கிறது.

அந்தக் கபாராவில்தான் டயன் கூடாரமடித்தார். ஆலன் ரூட், ஜோன் ரூட் என்ற புகைப்படத் தம்பதியர் அங்கே கொரில்லாக்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் சிறிது தயங்கியபின் இந்தச் சுற்றுலாப் பெண்ணையும் தங்களோடு காட்டுக்குள் வர விட்டனர். முன்னே நடந்தவர் சன்வெக்வே என்ற காங்கோ நாட்டு வழிகாட்டி. சிறுவனாயிருந்தபோது ஏக்லிக்கே தடம் காட்டிக் கொடுத்தவர் அவர். ஒடிந்த தண்டு, மிதிபட்ட இலை, எச்சம் ஆகியவற்றைக் கொண்டே கூட்டம் போன திசையைச் சொல்லிவிடுவார். முதலில் நாற்றம் வந்தது. பிறகு காட்டைக் கிழிக்கும் ஓர் அலறல். அதன் பிறகே, இலைகளுக்கிடையே கறுத்த முகங்களும் ஒளிரும் கண்களும் தெரிந்தன. எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டது சிறிது நேரந்தான். ஆனால் மலையை விட்டு இறங்கும்போது, எப்படியும் இங்கே திரும்பி வருவது என்று அந்தப் பெண் தீர்மானித்துவிட்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் மீண்டும் மருத்துவமனை வேலை. கடனை அடைத்தாக வேண்டுமே! லூயிவில் நாளிதழில் தம் பயணத்தைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினார். மூன்று ஆண்டுகள் ஓடின. 1966-இல் லீக்கி அந்த நகருக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, கட்டுரைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். எலும்புக் குழியில் விழுந்த பெண்ணை லீக்கி மறக்கவில்லை. கொரில்லாக்களை நெடுங்காலம் உடனிருந்து ஆராய ஆள் தேடிக்கொண்டிருந்த அவர், இந்தப் பெண்ணே தக்கவர் என்று கருதினார். காட்டில் மருத்துவ வசதி இராதென்பதால் குடல்வாலை முன்னதாகவே அறுத்தெடுத்துவிட வேண்டும் என்றும் யோசனை சொன்னார். டயன் உடனே மருத்துவமனையில் படுத்து, நோயில்லாத குடல்வாலை எடுத்துவிட்டார். அதன்பின் லீக்கியிடமிருந்து கடிதம் வந்தது: மன உறுதியைச் சோதிக்கவே அப்படிச் சொன்னதாகவும், உண்மையில் அதற்குத் தேவையில்லை என்றும்! நாங்களாயிருந்தால் அந்த அறிஞரோடு அன்றே பேச்சை நிறுத்தியிருப்போம்.

1967 ஜனவரியில் கபாராவில் தனியாகக் கூடாரமடித்தார். உதவிக்கு வந்திருந்த ஆலன் ரூட் இரண்டு நாளில் விடைபெற்றுப் போனபோது, அவர் பின்னாலேயே ஓடிவிடாமலிருக்கக் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்த வட்டாரத்து மொழி தெரியாது, உயரமென்றால் அச்சம், சிறு வயது முதலே பலவீனமான நுரையீரல். ஆனாலும் சன்வெக்வேயிடம் தடம் பார்க்கக் கற்றுக்கொண்டு நாள்தோறும் காட்டுக்குள் சென்றார். ஆறு மாதத்தில் காங்கோவில் கலகம் மூண்டது. படைவீரர்கள் மலைமேல் வந்து அவரை இறக்கிக் கொண்டுபோய்க் காவலில் வைத்தனர். உபாயம் செய்து தப்பி, எல்லை தாண்டி உகாண்டா போய்ச் சேர்ந்தார். வேறொருவராயின் அடுத்த விமானத்தில் வீடு திரும்பியிருப்பார். இவரோ அதே மலைத்தொடரின் மறுபக்கமாகிய ருவாண்டா நாட்டில் ஏறினார். 1967 செப்டம்பர் 24-ஆம் நாள், கரிசிம்பி, விசோக்கே என்ற இரு மலைகளுக்கிடையே, ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் இரண்டு கூடாரங்கள் எழுந்தன. இரு மலைகளின் பெயரையும் இணைத்து அந்த முகாமுக்குக் கரிசோக்கே என்று பெயரிட்டார். அடிவாரத்து மக்கள் அவருக்கு இட்ட பெயர் நிராமச்சபெல்லி. மலையில் தனித்து வாழும் பெண் என்பது அதன் பொருள்.

அக்காலத்தில் உலகம் கொரில்லாவை எப்படிக் கண்டது? திரைப்படங்களில் அது பெண்களைத் தூக்கிச் செல்லும் அரக்கன். டயன் கண்டதோ தழை தின்னும் ஒரு குடும்பத்தை. கூட்டத்தின் தலைவன், முதுகு நரைத்த ஆண். 160 கிலோ எடையிருந்தும் அவன் வயிற்றின்மேல் குட்டிகள் சறுக்கி விளையாடும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றும் தழைகளை மடித்துப் புதிதாகப் படுக்கை செய்துகொள்ளும். ஒருநாள் படுக்கையில் மறுநாள் படுப்பதில்லை. எந்த இரு கொரில்லாவின் மூக்கிலும் சுருக்கங்கள் ஒன்றுபோல் இரா. நம் கைரேகை போல. டயன் அந்த மூக்குச் சுருக்கங்களை வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டார்.

நெருங்குவதற்கு அவர் கண்ட வழி மிகவும் எளியது. ஆனால் எல்லோராலும் இயலாதது. நின்றுகொண்டு போகாமல் முழங்காலிட்டுப் போனார். கண்ணுக்குள் கண் வைத்துப் பார்ப்பதைத் தவிர்த்தார். அவை தலையைச் சொறிந்தால் தாமும் சொறிந்தார். செலரித் தண்டை உரித்து மென்றால் தாமும் மென்றார். வயிறு நிறைந்த கொரில்லா தொண்டைக்குள்ளிருந்து எழுப்பும் ஒரு கனைப்பு உண்டு. எல்லாம் நலம், இங்கே இருப்பவன் நம்மவன் என்பது போன்ற ஒலி. அந்தக் கனைப்பைப் பழகிக்கொண்டார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள அந்த அம்மையார் மழையில் நனைந்து, சேற்றில் மண்டியிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்த காட்சியைக் கற்பனை செய்யும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் 1970-இல் பீனட்ஸ் என்று அவர் பெயரிட்ட இளம் ஆண் கொரில்லா, தரையில் மல்லாத்தி வைத்திருந்த அவர் கையைத் தன் விரல்களால் தொட்டது. காட்டுக் கொரில்லா ஒன்று மனிதரைத் தானாக வந்து நட்போடு தொட்டதாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அது. அதே ஆண்டு ஜனவரி மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பின்னர் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. வேதியியலில் தோற்றவருக்கு!

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை.

1969-ஆம் ஆண்டிலேயே அவருக்கு ஓர் அடி விழுந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து உயிரியல் பூங்காவுக்கென்று இரண்டு கொரில்லாக் குட்டிகள் பிடிக்கப்பட்டன. ஒரு குட்டியைப் பிடிப்பதென்றால், அதைக் காக்க எழும் குடும்பத்தையே கொன்றாக வேண்டும். அப்படியே கொன்றார்கள். குற்றுயிராய்க் கொண்டுவந்து தரப்பட்ட கோக்கோ, பக்கர் என்ற அக்குட்டிகளை டயன் தம் குடிலிலேயே வைத்து, ஊட்டிப் பிழைக்க வைத்தார். பிழைத்தபின் பூங்காவுக்கே கொடுத்தனுப்ப நேர்ந்தது. 1978-இல் இரண்டும் ஒரு மாத இடைவெளிக்குள் அங்கே மடிந்தன.

காட்டுக்கும் பரப்பு குறைந்துகொண்டே வந்தது. பூச்சிமருந்துக்குப் பயன்படும் பைரெத்ரம் பூச்செடி பயிரிட, பூங்காவின் பெரும்பகுதி வெட்டித் தரப்பட்டது. எஞ்சிய காட்டில் மாடுகள் மேய்ந்தன. மான்களுக்காக வைத்த கண்ணிகளில் கொரில்லாக்கள் கையும் காலும் மாட்டி, புண் அழுகிச் செத்தன. 1960-ஐ ஒட்டி விருங்காவில் 450 அளவில் இருந்தவை, 1980-களின் தொடக்கத்தில் 250 அளவுக்கு வந்துவிட்டன.

கூட்டத்தில் ஒரு குட்டியை டயன் பத்தாண்டு கண்முன் வளரக் கண்டார். வளைந்த விரல் ஒன்றின் காரணமாக அதற்கு டிஜிட் என்று பெயர். அவர் குறிப்பேட்டை எடுத்துப் பார்க்கும். கண்ணாடியில் தன் முகம் பார்க்கும். அவர் அருகில் படுத்துக்கொள்ளும். ருவாண்டா நாட்டுச் சுற்றுலா அலுவலகம் விளம்பரத்துக்கு ஒரு கொரில்லாப் படம் கேட்டபோது, டிஜிட்டின் படந்தான் போயிற்று. என்னைக் காண வாருங்கள் என்று அழைப்பது போல அந்தச் சுவரொட்டி விமான நிலையங்களிலும் விடுதிகளிலும் தொங்கியது. 1977 டிசம்பர் 31-ஆம் நாள் கள்ளவேட்டைக்காரர் அறுவரும் நாய்களும் கூட்டத்தைச் சூழ்ந்தபோது, டிஜிட் குறுக்கே நின்றது. ஐந்து ஈட்டிக் காயம். அதற்குள் கூட்டம் தப்பிவிட்டது. தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், வெளிநாட்டார்க்கு விற்க. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் ஒரு கொரில்லாவின் மரணம் வாசிக்கப்பட்டது. டிஜிட்டின் பெயரால் ஒரு நிதி தொடங்கி, காவற்குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்தார் டயன்.

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். நாங்கள் பிரிந்தது இங்கேதான்.

கண்ணிகளை ஆயிரக்கணக்கில் அறுத்தெறிந்ததை எல்லோரும் புகழ்ந்தோம். ஆனால் பிடிபட்ட வேட்டைக்காரரைக் கட்டிவைத்துக் காஞ்சொறியால் அடித்தார். பேய் முகமூடி அணிந்து, சூனியக்காரி போல் நடித்து அச்சுறுத்தினார். மேய வந்த மாடுகளைச் சுட்டார். வேட்டைக்காரன் ஒருவனுடைய சிறு குழந்தையைக்கூட ஒருமுறை பிணையாகப் பிடித்து வைத்திருந்தார் என்று அவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அடிவாரத்து மக்களோ ஒரு காணி நிலத்தில் ஒரு பெருங்குடும்பம் வாழ வேண்டிய ஏழைகள். காட்டையே நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் த்வா இனத்தார். வேறு வழியின்றிக் கண்ணி வைத்தவனுக்கும், மண்டையோட்டுக்குக் காசு கொடுத்த வெளிநாட்டானுக்கும் இடையே யார் பெரிய குற்றவாளி? எங்களில் ஒரு சாரார், அந்த நாளில் அவர் அவ்வளவு முரடாக நின்றிராவிட்டால் காக்க ஒரு கொரில்லாவும் மிஞ்சியிராது என்றார்கள். மறு சாரார், ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பணிவிடை செய்த கை ஏழையின் குழந்தையைப் பறித்தது எப்படி என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் வாதாடியும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கண்டோம். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவன்று தம் பணியாளரையும் அவர் மனைவி மக்களையும் மலைமேல் வரவழைத்துப் பரிசும் விருந்தும் தந்தவரும் இதே பெண்தான். அன்பு இல்லாதவர் அல்லர். அந்த அன்பு எல்லோரையும் எட்டவில்லை.

இன்னொரு வழக்கும் உண்டு. 1979-ஐ ஒட்டி ருவாண்டாவில் வேறொரு திட்டம் எழுந்தது. பூங்காவின் எஞ்சிய நிலத்திலும் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணையாக்க அரசு எண்ணியிருந்தது. கொரில்லாவால் நாட்டுக்கு வருமானம் வந்தாலொழியக் காடு தப்பாது என்று கண்ட இளம் ஆய்வாளர் பில் வெபரும் ஆமி வெடரும், சில கொரில்லாக் கூட்டங்களை மனிதருக்குப் பழக்கி, சிறு சிறு குழுக்களாகப் பயணிகளை அழைத்துச் சென்று காட்டும் முறையைத் தொடங்கினர். டயன் அதைக் கடுமையாக எதிர்த்தார். மனிதரிடமிருந்து நோய் தொற்றும், வேடிக்கை பார்ப்பவர் கூட்டம் அவற்றின் வாழ்வைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். அழையாமல் முகாமுக்கு வந்த பயணிகளின் தலைக்கு மேலே துப்பாக்கியால் சுட்டதாகவும் சொல்வார்கள். கடன் வாங்கிச் சுற்றுலா வந்து, வழிகாட்டியின் பின்னால் நடந்து கொரில்லாவைக் கண்டவர்தாம் அவரும் என்பதை நாங்கள் நினைத்துப் பார்த்தோம். அவர் நினைத்துப் பார்த்தாரா?

1980-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியப் பணியாகச் சென்று, தம் பெயர்பெற்ற நூலை எழுதினார். அது 1983-இல் வெளிவந்தது. திரும்பி வந்தபோது நுரையீரல் மேலும் கெட்டிருந்தது. மலையில் நடக்க முடியாமல் குடிலில் இருந்தபடியே காவற்குழுக்களை ஏவினார். 1985 டிசம்பரில் அரசு அவருக்கு இரண்டாண்டு தங்கும் அனுமதியை நீட்டித்தது. பெரும் மகிழ்ச்சி கொண்டார். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் இரவு, குடிலின் சுவர்த் தகரம் வெட்டப்பட்டு, யாரோ உள்ளே புகுந்து அவரை வெட்டுக்கத்தியால் கொன்றார்கள். வயது 53. அமெரிக்க ஆய்வாளர் ஒருவரை அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே நீதிமன்றம் குற்றவாளி என்றது. அவர் அதை மறுத்தார். கொலையாளி யார் என்பது இன்றுவரை ஐயமறத் தெளியவில்லை. டிசம்பர் 31-ஆம் நாள், டிஜிட் மடிந்து சரியாக எட்டு ஆண்டு நிறைந்த அன்று, கொரில்லாக்களுக்கென்று அவரே அமைத்த கல்லறைத் தோட்டத்தில், டிஜிட்டின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் நிராமச்சபெல்லி என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பின்பு நடந்தவை அவர் கணக்கையும் அவர் எதிரிகள் கணக்கையும் ஒருங்கே மெய்ப்பித்தன எனலாம். 1988-இல் சுவாசநோய் பரவிக் கொரில்லாக்கள் சில இறந்தன. தட்டம்மையாயிருக்குமோ என்றஞ்சி, மற்றவற்றுக்கு ஊசித்துப்பாக்கியால் தடுப்பு மருந்து போட்டார்கள். அந்த மருத்துவர் மலைக்கு வந்தது டயன் இறக்குமுன் வேண்டிக் கேட்டுக்கொண்டதன் பயன். 1990-களில் ருவாண்டாவைப் போரும் 1994-இன் பெருங்கொலையும் சூறையாடின. கரிசோக்கே முகாம் அழிந்தது. தடம் பார்ப்போரும் காவலரும் உயிரைப் பணயம் வைத்து மலைக்குத் திரும்பினர். மறுபுறம், பயணிகள் தந்த பணம் காட்டைக் காத்தது. மனிதருக்குப் பழகி, நாள்தோறும் காவலர் கண்காணிப்பில் இருந்த கூட்டங்களே பெருகின. 2015, 2016 ஆண்டுகளில் எண்ணியபோது விருங்காவில் 604. 2018-இல் புவிண்டிப் பகுதியில் 459. இரண்டும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

இக்காலத்தில் ருவாண்டாவில் அந்தப் பயணம் எப்படி நடக்கிறது? 2017 முதல் ஒருவருக்குக் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். அதில் பூங்காவுக்குக் கிடைக்கும் வருவாயிலிருந்து பத்தில் ஒரு பங்கு அடிவாரத்துக் கிராமங்களின் பள்ளிக்கும் குடிநீருக்கும் போகிறது. டயன் செய்யத் தவறியது இதுவென்று எங்களில் ஒரு சாரார் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் நம் எட்டாம் வகுப்புத் தங்கைகள் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்க்கு அனுமதியில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளில் எட்டே பேர். ஒரே ஒரு மணி நேரம்.

காலை ஏழு மணிக்குக் கினிகி என்ற ஊரில் கூடி, உருளைக்கிழங்கு வயல்களைக் கடந்து, பூங்காவின் கல்மதிலைத் தாண்டி, மூங்கிற்காட்டுக்குள் ஏறுகிறார்கள். விடியும் முன்பே புறப்பட்ட தடம் பார்ப்போர், நேற்றிரவுப் படுக்கைகளிலிருந்து தொடங்கி, கூட்டம் எங்கே மேய்கிறது என்று வானொலிக் கருவியில் சொல்லிவிடுவார்கள். பைகளையும் ஊன்றுகோல்களையும் அங்கேயே வைத்துவிட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, எட்டுப் பேரும் ஓசையின்றி நகர்கிறார்கள். செலரித் தண்டு ஒடியும் சத்தம் கேட்கிறது. வழிகாட்டி முழங்காலிடுகிறார். தொண்டைக்குள்ளிருந்து, மெல்ல, இருமுறை கனைக்கிறார். நரைத்த முதுகு கொண்ட அந்தப் பெரிய ஆண் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் தழையை மெல்லத் தொடங்குகிறது. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்.